இழுத்துக்கிட்டிருக்கு

ஏற்காட்டு அடிவாரத்தில் ஒருவர், "தாத்தாவுக்கு நேத்திலிருந்து இழுத்துக்கிட்டிருக்கு" என்றால், எது இழுக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. வெளியூர்ச் சொந்தங்களுக்குப் போன் போய்விடும். இழுப்பது மூச்சு. எழுவாயை விழுங்கிவிட்ட வழக்கு இது. ஆஸ்துமாவை இழுப்பு என்பதும், வலிப்பைக் கைகால் இழுப்பு என்பதும் 'இழு' என்ற அதே வேரிலிருந்துதான். சாவு வீட்டு 'இழவு' மட்டும் வேறு; அது 'இழ'வின் பிள்ளை.

கடைசி நேரத்தில் மூச்சு விட்டு விட்டு வரும். சில நொடி நின்று, பெரிதாக ஒன்று இழுக்கும். தொண்டையில் கொரகொரப்பு. விழுங்க முடியாததால் எச்சிலும் சளியும் தேங்கி எழும் ஓசை அது. கேட்பவர்களுக்குத்தான் நடுக்கம், நினைவு மங்கியவருக்கு அது பெரும்பாலும் தெரிவதில்லை என்பதே மருத்துவர்கள் கருத்து. ஊரார் கணக்கு வேறு: தீராத ஆசை உயிரைப் பிடித்து இழுக்கிறதாம். மண்ணாசை என்றால் காட்டு மண்ணைக் கரைத்தும், பொன்னாசை என்றால் காசை உரசியும் வாயில் ஊற்றுவார்கள். பாசத்தில் செய்வதுதான், ஆனாலும் ஆபத்து. விழுங்க முடியாதவருக்கு ஊற்றுவது நுரையீரலுக்குள் போகக்கூடும்.

ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பஞ்சை நனைத்து உதட்டை ஈரமாக்குங்கள். கையைப் பிடித்துக்கொண்டு பேசுங்கள். வலி இருந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் நோய்த்தணிப்புச் சேவை உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.