நீலகிரிக் காட்டுப் பழங்கருவிகள்

நீலகிரியின் சரித்திரத்தை வரைந்தோர், 1822-ம் வருஷத்தில் கலெக்டர் ஜான் சல்லிவன் உதகையில் கற்பங்களா கட்டத் தொடங்கியதையும், 1899-ம் வருஷத்தில் மேட்டுப்பாளையத்தினின்று குன்னூருக்கு ரெயில் ஏறியதையும், அது 1908-ம் வருஷத்தில் உதகையை எட்டியதையும் மறவாது குறித்துள்ளனர். அப்பங்களாக்களுக்கு உத்தரமும் பலகையும், குளிர்காய விறகும் அறுத்துக் கொடுத்தவர்களைப் பற்றி எழுதினோர் மிகச் சிலரே. அவ்வேலையாட்கள் விட்டுச் சென்ற பத்திரம் இரும்பால் ஆயது. பழைய வேலைத்தலங்களிலும் வீட்டுப் பரண்களிலும் கிடக்கும் அவ்விரும்பு, இன்னதென்று அறியப்படாமலே நிறை பார்த்து விலைபோகின்றது. ஆதலின் அதனை இனங்காணும் வகையை நம் நேயர்களுக்கு ஈண்டு எடுத்துரைப்போம்.

முதற்கண் ரம்பம். இருவர் இழுக்கும் நீண்ட ரம்பம் கண்டவுடன் மரம் வீழ்த்தியது என்று முடிவு செய்தலாகாது. அதன் பல்லை நோக்குக. பல் இருபக்கமும் ஒப்பச் சாய்ந்து, கத்திமுனைபோல் கூராயிருப்பின், அது மரத்தைக் குறுக்கே அறுப்பது. இருபுறத்தாரும் மாறி மாறி இழுக்க, போகும்போதும் வரும்போதும் வெட்டும். பற்கள் யாவும் ஒரே திசை நோக்கி உளிபோல் நின்றால், அது பலகை அறுக்கும் ரம்பம். ஒருவன் மரத்தின்மேல் நிற்க, மற்றொருவன் கீழே நின்று இழுப்பான்; கீழ்நோக்கி வரும்போதுதான் அது வெட்டும். மேற்புறம் அகன்றும் கீழ்ப்புறம் குறுகியும் இருப்பதும் அதன் அடையாளமே. கீழே நின்றவன் கண்ணிலும் மூக்கிலும் மரத்தூள் நாள்முழுதும் சொரிந்துகொண்டிருக்கும். இருவரிலும் கடினமான பங்கு அவனுடையதே. அத்தகைய ரம்பம் கிடைத்த இடத்தருகே, ஆள் நிற்குமளவு ஆழமும் மரத்தின் நீளமும் உள்ள பள்ளம் சருகு மூடிக் கிடக்கின்றதா என்று பார்த்தல் நலம். மலைச்சரிவிலோ பள்ளமே வேண்டுவதில்லை. மரத்தின் ஒரு நுனியை முட்டுக்கொடுத்து உயர்த்தினாற் போதும்.

துருப்பிடித்த வாய்ச்சியை மண்வெட்டி என்று ஒதுக்குவோர் உளர். மண்வெட்டியின் தகடு மெல்லியது. வாய்ச்சி தடித்தது, காம்பை நோக்கிய உட்பக்கத்தில் மட்டுமே தீட்டப்பட்டிருக்கும். உருண்டை மரத்தைச் சதுரமாக்கியது அதுவே. தலை காளான்போல் பிதுங்கிய இரும்புத்துண்டு ஆப்பாகும். 1843-ம் வருஷத்தில் கற்பூர மரம் இம்மலைக்கு வந்து, சோலை மரத்துக்கு மாற்று விறகாகப் பரவிய பின்னர், விறகு பிளக்கும் தடித்த கோடரிக்கும் ஆப்புக்கும் வேலை மிகுந்தது.

மலையின் மேற்குப் பக்கமாகிய கூடலூர், முதுமலைக் காடுகளில் வேறொரு கருவியும் உண்டு. அது யானைச் சங்கிலி. தேக்கும் ஈட்டியும் அங்கே யானையால் இழுக்கப்பட்டன. மலையாளத்து வழக்கப்படி யானை வக்கை என்னும் நார்க்கயிற்றைப் பல்லாற் கடித்து இழுக்கும். பின்னர் மார்புக் கச்சையும் சங்கிலியும் வந்தன. அடிமரத்தின் நுனியில் குறுக்கே குடைந்த துளையைக் கண்டால், கயிறு கோத்த இடம் அதுவென்று கொள்க. தேப்பக்காட்டு யானை முகாம் தொடங்கியது இம்மரவேலையின் பொருட்டே. அங்கே மாவுத்தராயும் காவடிகளாயும் உழைத்த குறும்பர், காட்டுநாயக்கர் முதலியோரின் கைத்திறனே இன்றும் அம்முகாமைத் தாங்குகின்றது. மர இழுப்புதான் ஒழிந்தது. கூடலூர்ப் பக்கத்து மரவெட்டின் பொருட்டு 1995-ம் வருஷத்தில் நிலம்பூர் கோவிலகத்துக் கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், 1996-ம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் பிறப்பித்த உத்தரவு, தேசத்துக் காடுகள் பலவற்றிலும் கோடரியை நிறுத்தியது.

அருமையாய்க் கிடைப்பது முத்திரைச் சுத்தி. அதன் முகத்தில் எழுத்தோ குறியோ புடைத்து, கண்ணாடியிற் கண்டாற்போல் இடவலம் மாறி நிற்கும். மரத்தில் அடித்தாற்றான் நேராய்ப் படியும். வெட்டிய மரம் சர்க்காருடையதா, மற்றொருவருடையதா என்று சொன்னது அக்குறியே. ஆதலால் கள்ளக்குறி இடுவது 1882-ம் வருஷத்துச் சென்னை வனச் சட்டப்படி குற்றமாயிற்று. அத்தகைய சுத்தி ஒருவர் கைப்பட்டால் வன இலாகாவாரிடம் ஒப்புவித்தலே முறை. ரிசர்வ் காட்டினுள் காணும் எதனையும் எடுத்து வருதல் தகாது; இடத்தைக் குறித்துக்கொண்டு ரேஞ்சரிடம் அறிவிக்கலாம்.

வீட்டில் உள்ளதை அரம் கொண்டு தேய்ப்பதும், திராவகத்தில் ஊறவைப்பதும் கூடா. தேய்ந்த பல்லே அதன் சாட்சியன்றோ! மண்ணை மெல்லத் துடைத்து எண்ணெய் பூசி, ரம்பமாயின் பல் வரிசையின்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்து, கிடைத்த ஊரையும் அதனை ஆண்ட பாட்டனார் பெயரையும் அக்காகிதத்திலேயே எழுதி வைக்க வேண்டும். பெயர் சொல்லக்கூடிய முதியோர் இருக்கும்போதே அதனைக் கேட்டு எழுதுக.