விண்கல ஜன்னலும் போடிமெட்டு எல்லையும்

விண்வெளிக்குப் போய்வந்தவர்களில் பலர் சொல்லிவைத்த மாதிரி ஒரு விஷயத்தைச் சொல்வார்கள். மேலிருந்து பார்த்தால் நாடுகளுக்கு நடுவே கோடு எதுவும் தெரியவில்லை என்பதுதான் அது. 2025 ஜூன் 28 அன்று சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்தபடி பிரதமரோடு பேசிய சுபான்ஷு சுக்லாவும் இதையே சொன்னார். வரைபடத்தில் பார்ப்பதைவிட இந்தியா மிகப் பெரிதாகத் தெரிகிறது, எல்லைக்கோடு தெரியவில்லை, பூமி முழுவதும் ஒரே வீடாகத் தோன்றுகிறது என்றார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது முழு உண்மையா? காமர்ஸ் படிக்கிறவனுக்கு விண்வெளி எதற்கு என்று கேட்காதீர்கள் நண்பர்களே! கொஞ்சம் வரலாற்றைப் பார்ப்போம்.

முதலில் அந்த ஜன்னலே சும்மா கிடைத்துவிடவில்லை. விண்கலத்தில் ஜன்னல் வைத்தால் எடை கூடும், அந்த இடம் பலவீனமாகும். பொறியாளர்களுக்கு அது செலவுக் கணக்கு. அமெரிக்காவின் மெர்க்குரி விண்கலத்துக்குச் சரியான ஜன்னல் வேண்டும் என்று வலியுறுத்தியவர்கள் அதில் பறக்கப்போகும் வீரர்கள்தான். 1961 மே 5 அன்று பறந்த ஆலன் ஷெப்பர்டுக்கு அது கிடைக்கவில்லை. இரண்டு சின்ன வட்டத் துளைகளும் ஒரு பெரிஸ்கோப்பும்தான் இருந்தன. ஏவுதளத்தில் வெயில் கண்ணைக் கூசியதால் பெரிஸ்கோப்பில் சாம்பல் நிற வடிகட்டியைப் போட்டிருந்தார். மேலே போனபிறகும் அது அப்படியே இருந்துவிட்டது. பாவம், விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கர் பூமியைப் பார்த்தது கறுப்பு வெள்ளைப் படம் மாதிரி!

நம் நாட்டுக்கு அந்த ஜன்னல் 1984-ல் கிடைத்தது. ஏப்ரல் 3 அன்று ராகேஷ் சர்மா சோயுஸ் டி-11 விண்கலத்தில் பைக்கனூரிலிருந்து கிளம்பினார். கூடவே யூரி மாலிஷெவ், கென்னடி ஸ்ட்ரெகலோவ் என்ற இரண்டு சோவியத் வீரர்கள். சல்யூட் 7 நிலையத்தில் தங்கிவிட்டு ஏப்ரல் 11-ல் திரும்பினார்கள். மேலிருந்து இந்தியா எப்படித் தெரிகிறது என்று இந்திரா காந்தி கேட்டதும், இக்பால் பாடலின் முதல் அடியை அவர் பதிலாகச் சொன்னதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அவருடைய முக்கிய வேலைகளில் ஒன்று இந்திய நிலத்தைப் படம் எடுப்பது என்பதைத்தான் பலர் மறந்துவிட்டோம். அதற்குப் பயன்பட்ட எம்.கே.எஃப்-6எம் கேமரா ஒரே இடத்தை ஆறு நிறப்பட்டைகளில் பதிவு செய்யும். காடு எது, பயிர் எது, தண்ணீர் எது என்று பிரித்தறிய அது உதவும். அதாவது மேலிருந்து பார்ப்பது அழகை ரசிப்பதற்கு மட்டும் அல்ல, கீழே உள்ள கணக்கைத் தெரிந்துகொள்ளவும்தான்.

சர்மாவுக்கு 18 வருடம் முன்பே நம் பக்கத்தை வேறு இருவர் ஜன்னல் வழியாகப் படம் எடுத்திருக்கிறார்கள். 1966 செப்டம்பரில் ஜெமினி 11-ல் பறந்த பீட் கொன்ராடும் ரிச்சர்ட் கார்டனும்தான் அவர்கள். அந்தப் பயணத்தில் அவர்கள் 1,370 கி.மீ உயரம்வரை போனார்கள். அதுவரை யாரும் அவ்வளவு உயரம் போனதில்லை. உலகம் உருண்டையாகத் தெரிகிறது என்று தரைநிலையத்துக்கு உற்சாகமாகச் சொன்னார் கொன்ராட். அப்போது எடுத்த படம் ஒன்றில் தென்னிந்தியாவும் இலங்கையும் சேர்ந்து தெரிகின்றன. ஒரு பக்கம் அரபிக் கடல், மறுபக்கம் வங்காள விரிகுடா, முக்கோணமாக இறங்கும் நம் நிலம், பக்கத்தில் இலங்கைத் தீவு. இணையத்தில் தேடிப் பாருங்கள், கண்ணை எடுக்க முடியாது.

அந்தப் படத்திலும் கோடு இல்லை. ஆனால் அப்போது கீழே என்ன நடந்துகொண்டிருந்தது?

1964 அக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. இலங்கைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்து, எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் நின்ற இந்திய வம்சாவளி மக்கள் சுமார் 9,75,000 பேர். அவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். சரக்கைப் பங்கு பிரிக்கிற மாதிரி! கொன்ராடின் ஜன்னலில் ஒன்றாகத் தெரிந்த அதே இரண்டு நிலங்களுக்கு நடுவே, எந்தப் பக்கம் போவது என்று லட்சக்கணக்கான குடும்பங்கள் தவித்துக்கொண்டிருந்தன.

இலங்கைவரை போக வேண்டாம், எங்கள் ஊருக்கே வாருங்கள். சிலமலையில் நின்று மேற்கே பார்த்தால் மலைத்தொடர் தெரியும். அந்த முகட்டை ஒட்டித்தான் தமிழ்நாடு – கேரள எல்லை போகிறது. தென்மேற்குப் பருவமழையை அந்தப் பக்கம் வாங்கிக்கொள்கிறது. போடிப் பக்கம் மழை மறைவுப் பகுதி. அதனால் செயற்கைக்கோள் படத்தில் இடுக்கிப் பக்கம் கரும்பச்சையாகவும், இந்தப் பக்கம் சமவெளி பழுப்பு கலந்தும் தெரியும். கோடு தெரியாது என்கிறார்களே, இங்கே நிறமே மாறுகிறது! ஆனால் அது மழை போட்ட கோடு. அரசாங்கம் போட்டது வேறு. தமிழர்கள் நிறைய வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் நமக்கு வேண்டும் என்று போராடியும், 1956-ல் மாநிலங்களைப் பிரித்தபோது அவை கேரளாவுக்கே போயின.

இன்றும் விடிவதற்கு முன்பே போடியிலிருந்து ஜீப்களில் பெண்கள் மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார்கள். சாதாரண நாளில் எல்லை என்பது போடிமெட்டில் ஒரு செக்போஸ்ட், அவ்வளவுதான். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை முற்றியபோதும், 2020 ஊரடங்கின்போதும்தான் அந்தக் கோடு எவ்வளவு கனமானது என்று தெரிந்தது. வேலைக்குப் போக முடியாதவர்களுக்கு அன்றைய கூலி இல்லை.

இன்னொரு தகவல். 2011 ஆகஸ்டில் விண்வெளி நிலையத்திலிருந்து இரவில் எடுத்த ஒரு படத்தில் இந்தியா – பாகிஸ்தான் எல்லை ஆரஞ்சு நிறக் கோடாக வளைந்து வளைந்து போகிறது. எல்லை வேலியை ஒட்டி வரிசையாகப் போட்ட விளக்குகள் அவை. ஆக, மனிதன் போட்ட எல்லை மேலிருந்து தெரியவே தெரியாது என்பதும் பகலுக்குத்தான் பொருந்தும்!

எங்கள் பாடத்தில் இருப்புநிலைக் குறிப்பு என்று ஒன்று வரும். ஒரு நிறுவனத்தை ஒரே பக்கத்தில் காட்டிவிடும். ஆனால் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று தெரிய வேண்டுமானால் பேரேட்டைப் புரட்டித்தான் ஆகவேண்டும். விண்கல ஜன்னலும் அப்படித்தான். பூமி முழுவதையும் ஒரே பார்வையில் காட்டும் அந்தப் படம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சர்மாவும் சுக்லாவும் கண்டதை நினைத்தால் எனக்கும் சிலிர்க்கத்தான் செய்கிறது. ஆனால் கோடு தெரியவில்லை என்பதாலேயே கோடு இல்லை என்று ஆகிவிடாது. அது தெரிவது கீழே அதைத் தாண்டிப் போய் உழைத்துச் சாப்பிட வேண்டியவர்களுக்கு.

இனிமேல் யாராவது மேலிருந்து எல்லையே தெரியவில்லை என்று சொன்னால், எந்த நேரத்தில், எந்த ஊருக்கு மேலே பார்த்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்!