உணவியல் கல்வியின் இரு பிறப்பிடங்கள்

பல்கலைக்கழகத்தில் ஊட்டச்சத்தும் உணவியலும் பயிலும் மாணவியர் பலர், ‘இது சமையல் படிப்புத்தானே?’ என்னும் கேள்வியை எதிர்கொண்டிருப்பர். அக்கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு.

இந்தியாவில் இத்துறை ஈரிடங்களில் வேர்கொண்டது. ஒன்று, ஆய்வுக்கூடம். 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஆய்க்ராய்ட், இந்திய உணவுப்பொருள்களின் சத்து அளவுகளைத் தொகுத்து 1937இல் சிறுநூலாக வெளியிட்டார். 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்த அக்கூடமே இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.

மற்றொன்று, மகளிர் கல்லூரி. 1932இல் தில்லியில் தொடங்கப்பெற்ற லேடி இர்வின் கல்லூரி போன்றவற்றில், மனையியலின் ஒரு கிளையாக உணவூட்டம் கற்பிக்கப்பட்டது. இல்லத்தைச் செம்மையாக நடத்தப் பெண்ணைப் பயிற்றுவதே மனையியலின் தொடக்ககால நோக்கமாகக் கருதப்பட்டது.

ஆய்வுக்கூடம் அளந்த எண்களையே வகுப்பறையும் கற்பித்தது. ஆயினும் முன்னது அறிவியல் எனப் போற்றப்பட்டது. பின்னது வீட்டுவேலையின் நீட்சியாகவே எண்ணப்பட்டது. பாடம் ஒன்றே, பயின்றவர் யார் என்பதே மதிப்பை முடிவுசெய்தது.

1963இல் இந்திய உணவியல் சங்கம் தோன்றியது. உணவியலாளரைச் சட்டப்படியான நலவாழ்வுத் தொழிலர் பட்டியலில் சேர்த்த நடுவண் சட்டமோ 2021இல்தான் வந்தது. வைட்டமின்களின் வரலாற்றைக் கற்கும் மாணவியர், இந்தக் காத்திருப்பின் வரலாற்றையும் கற்க வேண்டும். தம்மை நோக்கிய அக்கேள்வி தம் திறனைப் பற்றியது அன்று என்பது அப்போது விளங்கும்.