டுவேன் தாமஸின் மௌனம்

அமெரிக்கக் காற்பந்தாட்டத்தில், ஒரு குழு தன் ஆட்டக்காரரை மற்றொரு குழுவுக்குக் கொடுத்து, ஈடாக வேறொருவரையோ, கல்லூரிகளிலிருந்து புதிய இளைஞரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையோ பெற்றுக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. கைமாறும் மனிதரின் சம்மதத்தைக் கேட்பது அவ்வழக்கத்தில் சேர்ந்ததன்று. ஒப்பந்தம் முடிந்து ஒருவர் தாமாகவே வேறிடம் போக விரும்பினாலும், பழைய குழுவுக்கு உரிய நஷ்டஈட்டை ஆணையர் பீட் ரோசெல் நிர்ணயிக்கலாம் என்று 1963-இல் ஏற்பட்ட விதி அந்த வாசலையும் ஏறக்குறைய அடைத்துவிட்டது.

டல்லஸ் நகரத்திலேயே பிறந்த டுவேன் தாமஸை 1970-இல் டல்லஸ் கௌபாய்ஸ் குழு முதல் சுற்றில் தேர்ந்தெடுத்தது. பந்தைச் சுமந்து ஓடும் அவர், முதல் வருஷத்திலேயே 803 கஜம் ஓடி, ஓட்டத்துக்குச் சராசரி 5.3 கஜம் என்ற அபூர்வமான கணக்கைக் காட்டினார். அந்தச் சாமர்த்தியத்துக்கு ஏற்ப ஊதியத்தைத் திருத்தும்படி மறுவருஷம் கேட்டபோது நிர்வாகம் மறுத்தது. அவரோ பயிற்சியாளர் டாம் லாண்ட்ரி முதலியோரைப் பத்திரிகையாளர் முன்னிலையில் கடுமையாகத் தூஷித்தார். அவரை எந்த ஊருக்கு அனுப்பப் போகிறார்கள் என்ற வதந்திகளுக்கு அதன்பின் குறைவில்லை. 1971 ஜூலையில் நியூ இங்கிலாந்துக் குழுவுக்கு அனுப்பினார்கள். அங்கே, கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்கும்படி பயிற்சியாளர் ஜான் மசூர் கட்டளையிட, டல்லஸில் பழகியபடி முழங்காலில் கை வைத்தே நிற்பேன் என்று தாமஸ் பிடிவாதம் செய்ய, சில தினங்களுக்குள் அந்தப் பரிவர்த்தனை குலைந்து, அவர் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தார்.

திரும்பி வந்தவர் மௌனவிரதம் பூண்டார். பத்திரிகையாளரோடு பேசவில்லை, சக ஆட்டக்காரரோடும் அநேகமாகப் பேச்சில்லை. கர்வி என்றும் சித்தம் கலங்கியவர் என்றும் பலர் அவரைப் பழித்தனர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. தன் உடலின் வன்மை எங்கே விலைபோக வேண்டும் என்பதில் ஒரு சொல்லும் சொல்ல உரிமையற்ற மனிதனிடம் எஞ்சியிருந்தது நாக்கு ஒன்றே. அதையாவது தன் வசம் வைத்துக்கொண்டார் என்றே கருதுகிறேன். கால்களோ ஓயவில்லை. அந்தப் பருவத்தில் 11 முறை பந்தோடு எல்லைக்கோட்டைக் கடந்து லீக்கிலேயே முதன்மை பெற்றார். 1972 ஜனவரி 16-இல் நியூ ஆர்லியன்ஸில் நடந்த சூப்பர் பௌல் இறுதியாட்டத்தில், மயாமியை 24-3 என்று டல்லஸ் வென்றபோது, 19 ஓட்டங்களில் 95 கஜம் அவருடையவை. ஆட்டம் முடிந்து, தொலைக்காட்சிக்காரர் டாம் புரூக்ஷியர் தடுமாறித் தடுமாறி நீளமாகக் கேட்ட கேள்விக்கு அவர் ஒரே ஒரு சொல்லில் விடையளித்தார்.

வெற்றி பெற்ற அதே வருஷம் ஜூலையில் அவரை சான் டியேகோவுக்குக் கொடுத்து, இரண்டு ஆட்டக்காரரை டல்லஸ் வாங்கிக்கொண்டது. சான் டியேகோவுக்காக ஓர் ஆட்டமும் ஆடாமல், 1973-இல் வாஷிங்டனுக்குக் கைமாறி, அங்கே இரண்டு பருவங்களோடு அவருடைய லீக் வாழ்வு முடிந்தது. ரோசெலின் விதி சட்டவிரோதமானது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1976-இல். ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் தாம் விரும்பிய குழுவுக்குப் போகும் சுதந்தரம் உண்மையில் கைகூடியது 1993-இல். அப்போது தாமஸுக்கு வயது நாற்பத்தைந்து கடந்திருந்தது.