மூஞ்சிக்கல் கேசட்டில் கேட்பது எந்த பேஸ்?

1984 மே மாதம். கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு கல்யாண வரவேற்பு. வத்தலக்குண்டிலிருந்து வேனில் ஏறிப்போன மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார் வாசித்தவன் நான். பெண் வீட்டார் யாரோ டூ-இன்-ஒன்னை மேடை ஓரம் வைத்துப் பதிந்த கேசட், போன மாதம் என் கைக்கு வந்து சேர்ந்தது. அட்டையில் தேதியும் பாடகர்கள் இருவரின் பெயரும் மட்டும். 'இளைய நிலா'வில் பேஸ் நுழைந்ததும் எங்கள் பழைய பாடகர் போனிலேயே துள்ளினார்: "கேட்டியா மாப்ள, அது அந்த ஹாஃப்னர்தான்!"

எனக்குச் சந்தேகம். அன்று என்னிடம் இரண்டு பேஸ் இருந்தன. எதை வாசித்தேன் என்று வாசித்த எனக்கே ஞாபகமில்லை.

ஒன்று என் சொந்தக் கிடார், கல்கத்தாவில் செய்தது. ஃபெண்டர் அச்சு, தந்தியின் நீளம் 34 அங்குலம். லியோ ஃபெண்டர் 1951இல் அமெரிக்காவில் விற்பனைக்கு விட்ட பிரிசிஷன் பேஸ்தான் இந்த வம்சத்தின் மூதாதை. அதற்கு முன்னால் பேஸ் என்றால் ஆளுயர டபுள் பேஸ்தான். நம் சினிமா ஆர்க்கெஸ்ட்ராவிலும் அதை நின்றுகொண்டுதான் வாசித்தார்கள். அதை மலைக்கு ஏற்ற வேண்டுமென்றால் வேனில் ஒரு பாடகரை இறக்கிவிட வேண்டியிருந்திருக்கும்.

இன்னொன்று இரவல். வயலின் வடிவ ஹாஃப்னர், தந்தி 30 அங்குலம்தான். 1956இல் ஜெர்மனியில் வந்த மாடல். 1961இல் ஹாம்பர்க்கில் பால் மெக்கார்ட்னி ஒன்றை வாங்கிய பிறகு உலகமே அதைத் தேடியது. வெளிநாட்டுக் கிடாருக்குச் சுங்கவரி கட்டி வாங்க எங்களைப் போன்ற குழுக்களுக்கு வக்கில்லாத காலம். ஆனால் கொடைக்கானல் வேறு மாதிரி ஊர். 1845இல் அமெரிக்க மிஷனரிகள் வீடு கட்டிக் குடியேறிய இடம். 1901இல் அவர்கள் பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடமும் வந்துவிட்டது. மலையில் படித்த வெள்ளைக்காரப் பையன் ஒருவன் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது என்று சொல்லித்தான் ஏரிக்கரை வீட்டுக்காரர் ஒருவர் அந்த ஹாஃப்னரைக் கொடுத்தார். அசல் ஹாஃப்னரா, பார்த்துச் செய்த நகலா என்பது தனி வழக்கு.

விசாரணையை கேசட்டின் வேகத்திலிருந்து ஆரம்பித்தேன். பாட்டு ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிக் கேட்டது. நாங்கள் அப்படி வாசித்தோமா, டேப் அப்படி ஓடுகிறதா? பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு கரண்ட் இரைச்சல் இருக்குமே, அதுதான் சாட்சி. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 துடிப்பு. அந்த இரைச்சலும் 50இல்தான் நிற்க வேண்டும். போன் ஆப் 52 காட்டியது. ஆக, 4 சதவீதம் வேகம் கூடுதல். 7,000 அடி உயரக் குளிரில் பேட்டரி சோர்ந்து ரெக்கார்டர் மெதுவாக ஓடியிருக்கிறது. இன்று சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறிவிடுகிறது. வேகம் கூடினால் கனத்த பேஸும் மெலிந்து, சட்டென்று அடங்குவது போலத் தோன்றும். ஹாஃப்னரின் குணமும் அதுவே: 'டும்' என்று விழும், நீளாது. பாடகர் ஏமாந்தது இங்கேதான்.

வேகத்தைச் சரிசெய்து மறுபடி கேட்டேன். இடையிசையில் கை கீழிருந்து மேலே வழுக்கும் இடத்தில் ஒரு 'கீச்'. முறுக்குக் கம்பி சுற்றிய தந்தியில் விரல் உரசும் சத்தம் அது. இரவல் கிடாரில் இருந்தது பட்டையாக வழவழவென்று சுற்றிய பழைய தந்தி; அது கீச்சிடாது.

அப்புறம், இரண்டாம் பாட்டு முடிந்ததும் 'ம்ம்ம்' திடீரென்று 'ஜ்ஜ்ஜ்' என்று உரத்து, சில விநாடி கழித்து அடங்குகிறது. அடங்குவதற்குச் சற்று முன் தம்ளர் வைக்கும் ஓசை. என் கல்கத்தா கிடாரின் வியாதி அது. உள்ளே மறைப்புத் தகடு கிடையாது. தந்தியைத் தொட்டுக்கொண்டிருந்தால் இரைச்சல் நம் உடம்பு வழியே தணியும், கையை எடுத்தால் கத்தும். நான் டீ குடித்திருக்கிறேன்! வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

கேசட் அட்டையில் என் பெயர் இல்லைதான். ஆனால் பேஸ்காரன் எங்களைப் போன்ற சின்னக் குழுவில்தான் பெயரில்லாதவன் என்று நினைக்க வேண்டாம். 1976இல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராஜா பேஸுக்குப் பாட்டுக்குள் தனிப் பாதையே போட்டுக் கொடுத்தார். பாடகரோடு பேசிக்கொண்டே போகும் இன்னொரு குரல் அது. அந்தக் குரலை வாசித்த சசிதரனின் பெயரைக் கேசட் உறையிலோ இசைத்தட்டு உறையிலோ தேடிப் பாருங்கள். இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர், அதோடு சரி. அந்தப் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு, விரலால் தேடித்தான் நாங்கள் பேஸ் படித்தோம்.

தீர்ப்பைப் பாடகரிடம் சொன்னேன். "எதுவா இருந்தா என்ன மாப்ள, நல்லா வாசிச்சே" என்றார். கொஞ்சம் வருத்தம்தான் அவருக்கு. ஹாஃப்னர் மறுநாளே ஏரிக்கரை வீட்டுக்குத் திரும்பியது. கல்கத்தா பேஸை 1991இல் நான் விற்றேன். அதற்குள் எங்கள் குழுவுக்கு எலக்ட்ரானிக் கீபோர்டு வந்து, அதன் இடது கையே பேஸ் வாசிக்க ஆரம்பித்திருந்தது.