ரசிகமணியின் காதும் ‘கிரெப்’ கட்டளையும்



மத்தளம்பாறையில் மென்பொருள் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். மடிக்கணினியின் கறுப்புத் திரையில் ‘கிரெப்’ என்று தட்டி ஒரு சொல்லைக் கொடுத்தான். கம்பராமாயணக் கோப்பில் அந்தச் சொல் வரும் வரிகள் மட்டும் வந்து நின்றன.

எனக்கு நம் குற்றாலத்து ரசிகமணி டி.கே.சி. நினைவு வந்தது. இடைச்செருகல் என்று பட்ட பாட்டையெல்லாம் கம்பரிலிருந்து ஒதுக்கியவர். அவருக்குச் சல்லடை காதுதான். (புலவர்கள் சண்டைக்கு வந்தார்கள், நானும் முழுக்க ஒப்பமாட்டேன்.)

கிரெப் பிறந்ததும் இப்படியொரு வழக்கை ஒட்டித்தான். அமெரிக்காவில் 1787–88இல் புனைபெயரில் வந்த 85 ‘ஃபெடரலிஸ்ட்’ கட்டுரைகளில் 12ஐ எழுதியது ஹாமில்டனா, மாடிசனா? பெல் ஆய்வகத்தில் லீ மக்மஹன் அவற்றைக் கணினியில் ஆராய முனைந்தார். ‘எட்’ என்ற நிரலுக்குள் அவ்வளவு பெரிய கோப்பு அடங்கவில்லை. கென் தாம்சன் அதன் தேடும் பகுதியை மட்டும் கழற்றித் தனி நிரலாக்கினார். அது 1973.

நான் ‘மரம்’ என்று தேடினேன். ‘மரத்தின்’ வரவில்லை. ‘மர’ என்றால் ‘மரபு’, ‘அமரர்’ எல்லாம் வந்து குவிந்தன.

“சார், அத்துச் சாரியை நீங்க நடத்தினதுதானே?” என்று சிரித்தபடி, ‘மரம்’ அல்லது ‘மரத்த’ என்று இரண்டையும் சேர்த்துத் தட்டினான்.