ஒற்றைக் கையோடு கடலில்: டொல்பின் உதை

நீச்சல் என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருபவர் வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன். 1971இல் பாக்குநீரிணையை இரு வழியும் நீந்திக் கடந்தவர். அவருடைய பெயரைக் கேட்டால் அலைக்கு மேலே மாறி மாறி உயரும் இரண்டு கைகள்தான் மனதில் தோன்றும்.

2006இல் மூதூர் கிழக்கில் ஷெல் பட்டு என் இடது கை முழங்கைக்குக் கீழே போனது. நீச்சலும் அதோடு போய்விட்டதென்றே நினைத்தேன். சாம்பல்தீவில் வந்து குடியேறிய பின்னரும் கரையில் நின்று கடலைப் பார்ப்பதோடு சரி. ஒற்றைக் கையால் நீந்தினால் உடம்பு ஒரு பக்கமாகத் திரும்பும், தோள் விரைவில் சோர்ந்துவிடும். நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் கையை நம்பாத ஒரு முறை இருப்பதை அறிந்தேன். அதுதான் டொல்பின் உதை.

அது என்ன?

இரண்டு கால்களையும் ஒட்டிவைத்து, நீருக்கடியில் உடம்பை அலைபோல மேலும் கீழும் அசைத்து முன்னேறுவது. மீன் வாலைப் பக்கவாட்டில் அடிக்கும். பாலூட்டியான டொல்பினின் வால் மேலும் கீழுமாக அசையும்.

நீர்மட்டத்தில் நீந்தும்போது நமது பலத்தில் ஒரு பகுதி அலை எழுப்புவதிலேயே செலவாகிறது. அரை மீற்றர் அளவு கீழே போனால் அந்தத் தடை பெருமளவு குறையும். 1988 சியோல் ஒலிம்பிக்கில் 100 மீற்றர் மல்லாக்கு நீச்சலில் ஜப்பானின் டைச்சி சுசுக்கியும் அமெரிக்காவின் டேவிட் பேர்க்கொவ்வும் நீண்ட தூரம் நீருக்கடியிலேயே சென்று தங்கமும் வெள்ளியும் பெற்றார்கள். அதன் பிறகு கட்டுப்பாடு வந்தது. இன்று மல்லாக்கு, வண்ணத்துப்பூச்சி, சுதந்திர நீச்சல் போட்டிகளில் தொடக்கத்திலும் ஒவ்வொரு திருப்பத்திலும் 15 மீற்றருக்குள் தலை வெளியே வந்துவிட வேண்டும்.

எனக்குத் துணிவு தந்தவர் சீனாவின் ஜெங் தாவ். சிறுவயதில் மின்சாரம் தாக்கி இரண்டு கைகளையும் இழந்தவர். 2021இல் நடந்த டோக்கியோ பராலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்றார். சுவரைத் தலையால் தொட்டே போட்டியை முடிப்பார்.

கற்ற விதம்

முதலில் மல்லாந்து மிதக்கப் பழகினேன். களைத்தால் மூச்சு வாங்கி இளைப்பாற அதுவே வழி. இதைப் பழகாமல் அடுத்த படிக்குப் போகக்கூடாது.

அடுத்து, இடுப்பளவு நீரில் மணலைக் காலால் உந்தி, அசையாமல் வழுக்கிச் செல்வது. கை தலைக்கு மேலே நீண்டிருக்க வேண்டும். நான் குறைக்கையையும் காதோடு ஒட்டிவைப்பேன். உடம்பு நேராக இல்லாவிட்டால் எவ்வளவு உதைத்தாலும் பயனில்லை.

பிறகுதான் உதை. பெரியவர்கள் எல்லோரும் விடும் பிழையை நானும் விட்டேன்: முழங்காலை மடக்கி அடித்தேன். அசைவு நெஞ்சில் தொடங்கி, இடுப்பு வழியாக இறங்கி, கடைசியில் பாதத்தில் சாட்டைபோல முடிய வேண்டும். கீழ்நோக்கிய அடி மட்டும் போதாது, காலை மேலே கொண்டுவரும்போதும் நீரைத் தள்ள வேண்டும். வயது ஏற ஏறக் கணுக்கால் இறுகிவிடும். தினமும் குதிக்காலின் மேல் அமர்ந்து பாதத்தை நீட்டிப் பழகியது எனக்கு உதவியது.

உயிரைக் காக்கும் விதிகள்

தனியே பழகக்கூடாது. நான் நீருக்குள் போகும் ஒவ்வொரு முறையும் மச்சான் நெஞ்சளவு நீரில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்.

மூழ்குமுன் வேகவேகமாகப் பலமுறை மூச்சிழுக்கக்கூடாது. அதனால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறையும். மூச்செடுக்கத் தூண்டுவது அந்த வாயுவே. அது குறைந்தால், ஒட்சிசன் தீர்ந்தாலும் உடம்பு எச்சரிக்காது. நீருக்குள்ளேயே மயக்கம் வரும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள்.

குண்டு வெடிப்பின் அருகில் இருந்தவர்கள் முதலில் காதை வைத்தியரிடம் காட்டுங்கள். செவிப்பறையில் துளை இருந்தால் குளிர்ந்த நீர் உள்ளே போய்த் தலைசுற்றும். நீருக்கடியில் மேல் எது, கீழ் எது என்று தெரியாமல் போகும். நெஞ்சில் காயம்பட்டவர்களும், உடம்பில் ஷெல் துண்டு உள்ளவர்களும் வைத்தியரைக் கேட்டே இறங்க வேண்டும்.

மாரியில் எங்கள் கடல் கொந்தளிக்கும், அப்போது இறங்குவதில்லை. களப்பு கடலோடு சேரும் இடத்தில் நீரோட்டம் இழுக்கும். எந்தக் காலத்திலும் அங்கே பழகுவதில்லை. சித்திரை முதல் ஆவணி வரை, கடல் அமைதியாக உள்ள காலைகளில் கரையோரமாகவே நீந்துகிறேன்.

இப்போது ஒரு மூச்சில் ஏழு உதை. பிறகு மேலே வந்து மல்லாந்து மிதப்பேன். தூரம் என்று பார்த்தால் ஒரு வள்ளத்தின் நீளம்கூட இருக்காது. ஆனால் உடம்பு ஒரு பக்கமாகத் திரும்புவதில்லை, நேராகப் போகிறது.